மனு எண் 41,207

"முகத்தைக் கொஞ்சம் சோகமா வெச்சுக்குங்க சார். மனு குடுக்க வர்றவங்க யாரும் இப்படி நிமிந்து நிக்க மாட்டாங்க."

"முப்பத்தாறு வருஷம் பிளாட்பாரத்துல கொடியோட நின்ன முதுகு. இனிமே எங்க வளையறது?"

"சரி, தோளையாவது தொங்கப் போடுங்க."

ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் தோளைத் தொங்கப் போட்டார். சட்டைதான் தொங்கியது, சோகம் வரவில்லை. தெருமுனையில் நின்று பாடம் சொல்லிக்கொண்டிருந்த நம்பர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஏழே முக்கால். எட்டு மணிக்கெல்லாம் ஐயா முன்னறையில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

நம்பர் என்பது ஊர் வைத்த பெயர். முப்பது வருஷமாக அவர் சட்டமன்ற உறுப்பினராக இருந்த ஐயாவுக்கு உதவியாளர். வாசலில் யார் வந்து நின்றாலும், அழுகிறார்களா கோபமாக இருக்கிறார்களா என்றெல்லாம் பார்க்க மாட்டார். முதலில் மனுவை வாங்குவார், தடித்த பதிவேட்டில் எழுதுவார், "இதான் உங்க நம்பர், மறந்துடாதீங்க" என்பார். அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம். சொந்தப் பெயர் அவருக்கே கையெழுத்துப் போடும்போதுதான் ஞாபகம் வரும்.

ஐயா தொடர்ந்து ஆறு முறை ஜெயித்தவர். ஏழாவது முறை நிற்கச் சொல்லிக் கட்சி கேட்டது. முழங்கால் முடியாது என்றுவிட்டது. புதிதாக வந்த உறுப்பினர் ஒரு பல் டாக்டர், சின்ன வயசு. குறைகளைச் செல்போனிலேயே வாங்கிக்கொள்கிறார். வாசல், பெஞ்சு, பதிவேடு எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

அன்றோடு ஐயா வீட்டு வாசல் வெறிச்சோடிப் போனது. ஒரு காலத்தில் செருப்பு விட இடம் இல்லாமல் பக்கத்து வீட்டுப் படிவரைக்கும் போன வாசல். முன்னறைச் சுவரில், பெஞ்சுக்கு மேலே, முப்பது வருஷம் ஜனங்கள் தலை சாய்த்துச் சாய்த்துக் கறுத்த ஒரு வரிசை இன்னும் இருக்கிறது. அதற்குக் கீழே உட்காரத்தான் ஆள் இல்லை. நாலு மாசமாக ஒரு மனு வரவில்லை. ஆனாலும் ஐயா தினமும் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எதிரே நம்பர் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு மணிக்கு மூடிவிட்டுச் சாப்பிடப் போவார்.

அந்த மனுஷர் இப்படி ஏங்கி ஏங்கியே ஒருநாள் படுத்துவிடுவார் என்று நம்பருக்குப் பயம் வந்துவிட்டது. அதனால்தான் தன் மாடியில் புதிதாகக் குடிவந்த ஸ்டேஷன் மாஸ்டரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, மனு கொடுக்கக் கூட்டிவந்திருந்தார்.

"நான் சொன்ன மாதிரி, நடக்கவே முடியாத விஷயமாத்தானே எழுதியிருக்கீங்க?" என்று கேட்டார் நம்பர். நடக்கிற விஷயமாக இருந்தால் நடந்து தொலைத்துவிடும். நடக்காததாக இருந்தால்தான் கடிதம் போகும், பதில் வரும், அதற்கு மறுபடி கடிதம் போகும். ஐயாவுக்கு ரெண்டு மாசம் நன்றாகப் பொழுது போகும்.

"சத்தியமா நடக்காது. இந்த ஊருக்கு வந்த நாள்லேருந்து பார்க்கறேன், ஒருத்தரும் அதைச் சரி பண்ணக் காணோம். பார்க்கப் பார்க்க எனக்கு ரத்தம் கொதிக்குது."

அது என்னவென்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஐயா மனுவை இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நாலு மாசம் கழித்து எழுதுகிற சந்தோஷத்தில் நம்பர் பதிவேட்டில் 41,207 என்று அழகாக எழுதினார்.

"மணிக்கூண்டுக் கடிகாரம் ஐந்து நிமிடம் மெதுவாக ஓடுகிறது. உடனே திருத்த ஆவன செய்ய வேண்டும்," என்று ஐயா உரக்கப் படித்தார்.

நம்பரின் பேனா அப்படியே நின்றது.

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "இது எத்தனை வருஷமா இப்படி இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. ஆனா இப்படி ஒரு கடிகாரத்தை எந்தப் பொறுப்பில்லாதவன் திறந்து வெச்சானோ, அவனை நிக்க வெச்சுக் கேக்கணும்."

"நான்தான் திறந்து வெச்சேன்," என்றார் ஐயா. "உக்காருங்க."

அது இரண்டாவது தடவை ஜெயித்திருந்த சமயம். அந்த மணிக்கூண்டுக்காக ஐயா சட்டசபையில் நாலு வருஷம் கேள்வி கேட்டார். ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் எழுந்திருப்பார், அமைச்சர் "பரிசீலனையில் உள்ளது" என்பார், ஐயா உட்காருவார். கடைசியில் அவர் எழுந்திருக்கும்போதே எதிர்க்கட்சிக்காரர்கள் "டிங் டிங்" என்று குரல் கொடுக்கிற அளவுக்குப் போயிற்று. ஒருவழியாகக் கூண்டு வந்தது, கடிகாரமும் வந்தது. காலை பத்து மணிக்கு ஐயா பொத்தானை அழுத்தினால் ஓட ஆரம்பிக்கும் என்று ஏற்பாடு. மெக்கானிக் முள்ளைச் சரியாகப் பத்தில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

கார் பாதி வழி போன பிறகுதான், பேச்சு எழுதிய தாளை வீட்டு மேஜையிலேயே வைத்துவிட்டது நம்பருக்கு ஞாபகம் வந்தது. திரும்பிப் போய் எடுத்து வந்தார்கள். ஐயா பொத்தானை அழுத்தியபோது மணி பத்து ஐந்து. முள் பத்தில் கிளம்பியது. கூட்டம் கை தட்டியது. அத்தனை பேர் முன்னால் ஏணி போட்டு ஏறி முள்ளைத் தள்ளி வைக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அந்த நாளை வரவேயில்லை. ஊரும் மெல்ல மெல்ல அந்த நேரத்துக்கே பழகிவிட்டது.

அந்த ஐந்து நிமிஷம் யாருடையது என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். மணிக்கூண்டைத் தாண்டும்போதெல்லாம் ஐயா தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், நம்பர் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். ஒரு தடவைகூட ஐயா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நம்பர் அவரோடு ஒட்டிக்கொண்டது சம்பளத்துக்காக அல்ல, அந்தச் சொல்லாத வார்த்தைக்காகத்தான்.

ஸ்டேஷன் மாஸ்டர் போனதும் நம்பர் மெதுவாக ஆரம்பித்தார். "ஐயா, இதை விட்டுடலாமே."

"நம்பர் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"அப்புறம் என்ன? நம்பர் போட்ட மனுவை என்னைக்கு நாம பதில் இல்லாம விட்டிருக்கோம்? எழுது, நகராட்சிக்கு."

கடிதம் பத்து மணிக்குள் முடிந்துவிட்டது. உறை ஒட்டியாயிற்று, தபாலில் போட்டாயிற்று. அதற்கப்புறம் வேலை இல்லை. நம்பர் பதிவேட்டை முன்பக்கமாகப் புரட்டினார், பின்பக்கமாகப் புரட்டினார், கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். ஐயா அவரையே சற்று நேரம் பார்த்தார்.

"சாப்பிட்டியாப்பா? முகம் வாடியிருக்கே."

"சாப்பிட்டேங்க."

சாயங்காலம் ஐயா பழைய அலமாரிப் பூட்டை ஒரு பையில் போட்டுக்கொண்டு, கைத்தடியுடன் கிளம்பினார். "பூட்டு சரியா திறக்கமாட்டேங்குது. சாவிக்காரர்கிட்டக் காட்டிட்டு வரேன். நீ வர வேண்டாம், கொஞ்சம் நடந்த மாதிரியும் இருக்கும்." வேலை இல்லாத மனுஷர் பூட்டைத் தூக்கிக்கொண்டு தெருவில் அலைய வேண்டியதாகிவிட்டதே என்று நம்பர் நொந்துகொண்டார்.

மறுநாள் காலை எட்டேகாலுக்கு வாசலில் ஒரு நிழல் விழுந்தது. நம்பர் நிமிர்ந்து பார்த்தார். சாவிக்காரர். மணிக்கூண்டுக்கு நேர் கீழே கடை வைத்திருப்பவர். முப்பது வருஷமாக எதிர்க்கட்சிக்கே ஓட்டுப் போட்டு, அதை நடுத்தெருவில் நின்று சொல்கிறவர். இந்தப் படி ஏறியதே இல்லை. அவர் கையில் ஒரு தாள் இருந்தது.

"மனு குடுக்கணும்," என்றார்.

நம்பருக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது. இது அவர் ஏற்பாடு செய்த ஆள் இல்லை. நிஜமான ஆள், நிஜமான மனு. ஜனங்கள் ஐயாவை மறக்கவில்லை. 41,208 என்று கொட்டை எழுத்தில் எழுதி, இரண்டு தடவை அடிக்கோடு போட்டார்.

பிறகுதான் மனுவைப் படித்தார். கடிகாரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்று இருந்தது.

"அந்தத் தெருவே அந்தக் கடிகாரத்தை நம்பித்தாங்க இருக்கு," என்றார் சாவிக்காரர். "கடை திறக்கறது, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைங்க கிளம்பறது, என் சம்சாரம் பஸ்ஸைப் பிடிக்கறது, எல்லாம் அதைப் பார்த்துதான். இப்ப முள்ளைத் தள்ளி வெச்சா, ஆளுக்கு அஞ்சு நிமிஷம் காணாமப் போயிடும். அதை யார் திருப்பித் தருவாங்க?"

"ஞாயமான கேள்வி," என்றார் ஐயா. அவர் பார்வை மனுவில் இல்லை, அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்த நம்பரின் முகத்தில் இருந்தது. "ரெண்டு தரப்பையும் கேட்டுடுவோம். வியாழக்கிழமை ஒரு குழு கூட்டு. நடவடிக்கைக் குறிப்பு நீதான் எடுக்கணும். வேலை அதிகம், பரவாயில்லையா?"

"என்னங்க ஐயா இப்படிக் கேட்டுட்டீங்க."

வியாழக்கிழமை முன்னறை பழையபடி களைகட்டியது. பெஞ்சின் இந்தக் கோடியில் ஸ்டேஷன் மாஸ்டர், அந்தக் கோடியில் சாவிக்காரர். நடுவில் ஐயா. மணி அடிக்க ஒரு ஸ்பூனும் டம்ளரும் கொண்டுவந்து வைத்தார் ஐயாவின் மனைவி. நம்பர் பென்சில்கள் மூன்றைச் சீவி வைத்திருந்தார்.

"மாண்புமிகு ஸ்டேஷன் மாஸ்டர் பேசலாம்," என்றார் ஐயா.

"தப்பு தப்புதான். அஞ்சு நிமிஷத்துல ஒரு ரயில் ஏழு கிலோமீட்டர் போயிடும்."

"எங்க தெருவுல ரயில் போகலையே," என்றார் சாவிக்காரர்.

"நான் பேசிட்டிருக்கேன்."

"நீங்க இந்த ஊருக்கு வந்தே ரெண்டு மாசம். நான் அந்த மணியைக் கேட்டுக் கேட்டு இருபது வருஷமா எந்திரிக்கறேன்."

"அப்ப இருபது வருஷமா லேட்டா எந்திரிக்கறீங்க."

சாவிக்காரர் எழுந்துவிட்டார். ஸ்டேஷன் மாஸ்டர் ஏற்கெனவே நிமிர்ந்துதான் இருந்தார், இப்போது இன்னும் நிமிர்ந்தார். ஐயா டம்ளரில் டிங் டிங் என்று தட்டினார். "சபையில அமைதி வேணும். தனிப்பட்ட முறையில் தாக்கிப் பேசினது குறிப்பிலேருந்து நீக்கப்படுது."

நம்பர் நீக்கினார். ஐயாவின் முகத்தைப் பார்த்தார். எத்தனை மாசமாயிற்று அந்தக் களையைப் பார்த்து. முதல் தடவை சட்டசபையில் ஐயா பேசியபோது மைக் வேலை செய்யவில்லை. அது தெரியாமல் பதினோரு நிமிஷம் யாருக்கும் கேட்காமல் பேசிவிட்டு, கேலரியில் உட்கார்ந்திருந்த நம்பரை நிமிர்ந்து பார்த்து, எப்படி என்று கண்ணால் கேட்டார். பிரமாதம் என்று நம்பர் தலையாட்டினார். அன்றைக்கு இருந்த அதே முகம்தான் இன்றைக்கும்.

ஆனால் சண்டை கைகலப்பில் போய் முடியும் போலிருந்தது. நம்பர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லலாமா? ரெண்டு பேருக்கும் பொதுவா, ரெண்டரை நிமிஷம் மட்டும் தள்ளி வெச்சா என்ன?"

இதுவரைக்கும் எதிரும் புதிருமாக இருந்த இரண்டு பேரும் ஒரே பக்கமாகத் திரும்பினார்கள்.

"அப்ப ரெண்டு பேருக்குமே தப்பா காட்டும்," என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"அதானே. நல்ல ஆளுய்யா நீங்க," என்றார் சாவிக்காரர்.

ஐயா ஓட்டுக்கு விட்டார். ஆம் என்பவர்கள் சொல்லலாம் என்றார். நம்பர் மட்டும் ஈனசுரத்தில் "ஆம்" என்றார். தீர்மானம் தோற்றது. அதையும் அவரே குறிப்பில் எழுத வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஐயா, கைத்தடியை ஊன்றி எழுந்து நின்றார். "தப்பு என்னோடது. முடிவை நகராட்சிதான் எடுக்கணும். அவங்க எடுக்கிறவரைக்கும் திங்கட்கிழமை காலையிலேருந்து நான் மணிக்கூண்டுக்குக் கீழ உக்காரப் போறேன்."

நம்பருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இந்த வெயில்லயா ஐயா?"

"பந்தல் போடணும். மைக் வேணும். நோட்டீஸ் அடிக்கணும், போலீஸ்ல எழுதிக் குடுக்கணும்." ஐயா ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார். "உனக்கு மூச்சு விட நேரம் இருக்காதுப்பா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நம்பரால் திருப்பிச் சிரிக்க முடியவில்லை.

ஐயாவின் மனைவி அவரைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டார். "தம்பி, என்ன நடக்குது இங்க? அந்த முழங்காலை வெச்சுக்கிட்டு ரோட்டுல உக்காந்தா எந்திரிக்கிறது யாரு? ஒரு மணி நேரம் வெயில் பட்டா அவருக்குத் தலை சுத்தும்."

"நான் பார்த்துக்கறேன் அண்ணி."

"பதவி முடிஞ்சதும் ரோஜா வளர்க்கப் போறேன்னு பன்னெண்டு செடி வாங்கிட்டு வந்தாரு. அதோ பாருங்க, பின்பக்கம் பையோடயே கிடக்கு. ஒண்ணைக்கூட நடலை. காலையிலதான் நடணும், காலையில இவரு முன்னறைக்குப் போயிடறாரு. ஏன்னு கேட்டா, எட்டு மணிக்கு நான் அங்க உக்காரலைன்னா நல்லா இருக்காதுங்கறாரு."

வாடிய செடிகளை நம்பர் பார்த்தார். ஆசையாக வாங்கிய செடியை நடக்கூட மனசில்லாமல் போய்விட்டது அந்த மனுஷருக்கு. எல்லாம் தன்னால் வந்த வினை. பேச்சுத் தாளை மறந்தது ஒரு தடவை, இப்போது மனு நாடகம் போட்டது இன்னொரு தடவை. யாராவது ஒருத்தர் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டால் தகராறு இல்லை, தகராறு இல்லையென்றால் பந்தலும் இல்லை.

முதலில் மாடிப்படி ஏறினார்.

"முடியாது," என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். "நீங்க கூப்பிட்டப்ப உங்களுக்காக வந்தேன். இப்ப கடிகாரத்துக்காக நிக்கறேன்."

"நாடகம்னு சொல்லித்தானே சார் கூட்டிட்டுப் போனேன்."

"நாடகத்துலயும் மணி சரியா இருக்கணும்."

மீதி இருந்தது சாவிக்காரர் ஒருவர்தான். நம்பர் மணிக்கூண்டுக்கு நடந்தார். வழியில் அந்தச் சின்னப் பாலம் வந்தது. அது 612. மழை பெய்தால் பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தாண்டிய இடம். அடுத்து விளக்குக் கம்பங்கள், 9,340. மகப்பேறு மருத்துவமனையின் சுற்றுச்சுவர் 17,025. அதைக் கேட்டு வந்த பெண் நிறைமாசமாக இருந்தாள், மனு கொடுத்த மூன்றாம் நாள் குழந்தை பிறந்தது, சுவர் கட்டி முடிந்தபோது அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது. ஊரில் யாருக்கும் இந்த நம்பரெல்லாம் தெரியாது. பாலத்தின் மேல் நடக்கிறவர்கள் பாலத்தை நினைப்பதில்லை. அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. ஐயா நினைவில் வைத்திருந்தால் போதும், தான் நினைவில் வைத்திருந்தால் போதும். அந்த முப்பது வருஷத்தைப் போல இன்னொரு முப்பது வருஷம் யாராவது தருவதாகச் சொன்னால், சோறு தண்ணி இல்லாமல் போய் வரிசையில் நிற்பார்.

மணிக்கூண்டுக் கடிகாரம் நாலு ஐம்பத்தைந்து காட்டியது. நம்பர் தன் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

சாவிக்காரர் ஒரு சாவியை இடுக்கியில் பிடித்து ராவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஐயாவின் அலமாரிப் பூட்டு இருந்தது. அதில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை, பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது.

நம்பர் கடைப்படியில் உட்கார்ந்தார். வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னார். நாலு மாசம் ஒரு மனு வராததை, ஐயா வாடிப்போனதை, ஸ்டேஷன் மாஸ்டரை ஏற்பாடு பண்ணியதை, எல்லாவற்றையும்.

"அது பொய் மனுங்க. உங்களுதுதான் நிஜம். நாலு மாசத்துல வந்த ஒரே நிஜ மனு உங்களுது, அதைத் திரும்ப வாங்கிக்கச் சொல்லிக் கேக்க எனக்கே வாய் வரலை. ஆனா அவரு ரோட்டுல வந்து உக்காந்துடுவாரு. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன், அந்த 41,208-ஐ மட்டும் வாபஸ் வாங்கிக்குங்க."

சாவிக்காரர் ராவுவதை நிறுத்தினார். சாவியின் மேல் இருந்த தூளை ஊதினார். நம்பரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"நான் எப்படிங்க வாபஸ் வாங்கறது? 'என் நம்பர் மனு இல்லாம ஏங்கிப் போயிட்டான், இன்னைக்கு வந்தது ஒண்ணு அவனுக்குப் பத்தலை, நீ ஒரு எதிர் மனு குடுத்தா ஒரு மாசத்துக்கு வேலை ஓடும்'னு, நல்லா இருக்கிற பூட்டைத் தூக்கிட்டு வந்து என்னைக் கெஞ்சினதே உங்க ஐயாதானே."